கண்ணாடி வண்டியில் டீசல் போன கதை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் படகு சுகம், உங்கள் தகப்பனார் அவர்களும் சுகம். கடைசியில் சொன்னதை நானே நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், விருப்பப்பட்டு அல்ல. அங்கே உங்கள் வலது காலைத் தவிர மற்ற அங்கங்கள் யாவும் நன்றாக வேலை செய்வதாக மகள் சொன்னாள். நிம்மதி. கடலிலேயே பிழைப்பு நடத்தும் ஒருவர் அங்கே விழாமல் குளியலறையில் விழுந்து காலை முறித்துக்கொண்டதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் பார்த்தேன். 'டீசல்' என்று வாயைத் திறந்ததுமே என் மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, அவருக்கு டென்ஷன் ஏத்தாத, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்" என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் உங்கள் அம்மா எடுத்து, உங்களுக்குக் கஞ்சி இறங்குகிறதா இல்லையா என்பதையே அரை மணி நேரம் சொன்னார்கள். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு படகை உங்கள் படகோட்டிதான் பார்த்துக்கொள்கிறார். ஊரே 'ரேடியோ' என்று கூப்பிடுகிற அந்த மனிதரைச் சொல்கிறேன். வாயே திறக்காத ஒருவருக்கு அப்படியொரு பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. அன்று காலை அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "டீசல் இல்ல" என்றார். எங்கே இல்லை என்றேன். "படகுல." பம்பில் போட வேண்டியதுதானே என்றேன். "பம்பும் இல்ல." பம்பு எங்கே போயிற்று என்றேன். "தோண்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. போய்ப் பார்த்தால், படகுத்துறை டீசல் பம்பைச் சுற்றிப் பெரிய பள்ளம். அடியில் தொட்டி கசிகிறதாம், மாற்றுகிறார்களாம், எப்போது முடியும் என்று கேட்டால் பள்ளத்துக்குள் இருந்தவர் என்னை அண்ணாந்து பார்த்து, "முதல்ல நாங்க மேல வரணும்மா" என்றார்.

சாதாரண நாளாக இருந்தால் நானும் சும்மா வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் மறுநாள்தான் கண் டாக்டர் இங்கே டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள். தீவில் இருந்து கண் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பெரியவர்களை உங்கள் படகில்தான் ஏற்றிவருவதாக ஏற்பாடு. அந்த டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். போன வருஷம் காற்று பலமாக அடித்துப் படகு போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் டாக்டரே வரவில்லை. தீவு நர்ஸ் பெண் எனக்குப் போன் பண்ணி, "அம்மா, இந்தத் தடவையும் தப்பிப் போச்சுன்னா சில பேருக்கு ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இருக்காது, படகு வந்துருமில்ல?" என்று கேட்டது. மற்ற படகுகள் எல்லாம் மீன்பிடிப் படகுகள், ஏணி வைத்து ஏற வேண்டும். கண் தெரியாத பெரியவர்களை அதில் ஏற்றுவது நடக்கிற காரியமா? நான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். வழியில் பஸ் நின்றால் பயணிகளை நடுரோட்டில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனதாக என் சரித்திரத்தில் கிடையாது. "படகு வரும்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் டீசலுக்கு என்ன வழி என்று யோசித்தேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. டவுன் பங்க்கில் பேரலில் டீசல் பிடித்து, ஒரு பிக்அப் வண்டியில் ஏற்றி, படகுத்துறைக்குக் கொண்டுவந்து படகில் ஊற்றுவது. எனக்குத் தெரிந்து பிக்அப் வண்டி வைத்திருக்கும் ஒரே ஜீவன் உங்கள் தகப்பனார் அவர்கள். அவருக்கும் எனக்கும் உங்கள் கல்யாணத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. மகளிடமும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கல்யாணப் பரிசாக அவர் கடையில் இருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார் அல்லவா? நான் அதில் பார்த்துவிட்டு, "முகம் கொஞ்சம் கோணலா தெரியுதே" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கண்ணாடி மேல குத்தம் இல்லைங்க" என்றார். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு நாங்கள் எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் உங்கள் மூலமாகத்தான் சொல்லிக்கொண்டோம். நீங்கள் குளியலறையில் விழுந்ததில் அந்த லைனும் அறுந்து போயிற்று.

இருந்தாலும் போனேன். அவருடைய கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். இத்தனை பேராகப் போய் உதவி கேட்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் ஜன்னல் கண்ணாடி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாரோ வந்திருக்காங்க போல இருக்கு" என்று கண்ணாடியிடம் சொன்னார். நானும் பக்கத்துக் கண்ணாடியிடம், "படகுக்கு டீசல் ஏத்திட்டுப் போக ஒரு வண்டி வேணும்னு யாரோ கேக்கறாங்க" என்றேன். "அந்த வண்டியில கண்ணாடி மட்டும்தான் போகும்" என்று பதில் வந்தது. "கண்ணாடி உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். தீவுல இருக்கற பெரியவங்களுக்குக் கண்ணு போனா?" என்றேன். விஷயம் முழுவதையும் சொன்னேன், கண்ணாடியிடம்தான். அவர் வெட்டும் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பப் போகணும்?" என்றார். இப்பவே என்றேன். "சாவி யார்கிட்டயும் தரதில்லை. வண்டி போனா நானும் கூட வருவேன்" என்றார். வண்டியோடு வருகிற சாமான் எதுவானாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டு நான் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

முதல் தகராறு பங்க்கில். நான் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கேன்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பங்க் மேனேஜர் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் கையை உயர்த்தி, "கேன்ல ஊத்த மாட்டோம். இரும்பு பேரல் கொண்டு வாங்க" என்றார். பக்கத்து மெக்கானிக்கிடம் போய் இரண்டு பேரலும், டீசலை வெளியே எடுக்க ஒரு கைப் பம்பும் இரவல் வாங்கி வந்தோம். "ஆயில் பேரல்தான், நல்லா இருக்கும்" என்று மெக்கானிக் சொன்னான். ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. இன்னொன்றை மேனேஜர் மோந்து பார்த்து, "இது துணி சோப்பு வாசனை இல்ல அடிக்குது?" என்றார். அலசினால் போச்சு என்று நான் குழாயைத் திறந்து பேரலுக்குள் விட்டேன். மாப்பிள்ளை, நுரை என்றால் நீங்கள் அலை நுரையைத்தான் பார்த்திருப்பீர்கள். இது வேறு ஜாதி. மூடி வழியாகப் பொங்கி, என் செருப்பை மூடி, பங்க் வாசல் வரைக்கும் போயிற்று. நான் தண்ணீர் விட விட அது வளர்ந்துகொண்டே போயிற்று. பைக்கில் வந்த ஒருவர் நுரை நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கி, "வாட்டர் வாஷ் ஃப்ரீயா?" என்று கேட்டார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

நுரை ஓய்ந்த பிறகு அடுத்த கவலை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் டீசலோடு கலந்து நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடும். அதுவரை ஓரமாக நின்று எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தகப்பனார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பேரலைக் கவிழ்த்து வெயிலில் நிறுத்தினார். டயருக்குக் காற்றடிக்கிற குழாயை உள்ளே விட்டு ஊதினார். அப்புறம் வண்டியில் இருந்து கண்ணாடி துடைக்கிற வெள்ளைத் துணிகளை எடுத்து, நீளக் கம்பியில் சுற்றி, மூடி ஓட்டை வழியாக விட்டுத் துடை துடையென்று துடைத்தார். ஒவ்வொரு தடவையும் துணியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இப்படித் துடைச்சா பேரலுக்குள்ளயே முகம் தெரியும்" என்று நான் பொதுவாகச் சொன்னேன். "தெரிஞ்சா நேராத்தான் தெரியும்" என்று அவரும் பொதுவாகச் சொன்னார். மேனேஜரே டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, இரண்டு பேரலையும் வண்டியில் ஏற்றச் சொல்லி, மறு பேச்சில்லாமல் நிரப்பினார்.

இனி ரோடு. உங்கள் அப்பாவின் வண்டியில் நீங்கள் போயிருப்பீர்கள், ஆனால் அவசரத்தில் போயிருக்க மாட்டீர்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி ஏற்றிய மனிதர். பள்ளத்தைக் கண்டால் நிறுத்தி, அதன் நலம் விசாரித்து, பிறகுதான் இறங்குவார். முட்டை அடுக்கைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களை முந்திப் போனார். போகிற போக்கில், "வண்டி ரிப்பேருங்களா?" என்று வேறு கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்து, "இந்த வண்டியில மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கறதா கேள்வி" என்றேன். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்து, "கண்ணாடி ஏத்தினா மூணாவது கியர் போடறதில்லை" என்றார். "ஏத்தியிருக்கறது கண்ணாடி இல்லையே." "வண்டிக்கு அது தெரியாது." இதற்கு மேல் ஒருவரிடம் என்ன பேசுவது? பொழுது சாய்வதற்குள் ஊற்றி முடிக்க வேண்டுமே என்று நான் சீட் நுனியில் உட்கார்ந்து, காலால் இல்லாத ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே வந்தேன். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. பாலம் ஏறும்போது குறுக்கே ஒரு மாடு வந்து அவர் பிரேக் அடித்தார். நான் முன்னால் போய் முட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் பேரல்கள் இரண்டும் கட்டின இடத்தில் கட்டினபடி நிற்கின்றன. அப்படி ஒரு முடிச்சு. என்னையும் அதே கயிற்றில் கட்டியிருக்கலாம்.

பாலம் தாண்டினதும் போலீஸ் கை காட்டினார். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'கவனம், கண்ணாடி' என்று எழுதியிருக்கிற வண்டியில் இரண்டு பேரல் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "என்ன இது?" என்றார். டீசல் என்றோம். "எதுக்கு?" என்றார். நான் "படகுக்கு" என்று சொன்ன அதே நேரத்தில் உங்கள் அப்பா "கண் ஆபரேஷனுக்கு" என்றார். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீசலா?"

"ஆமாங்க."

"கண்ணுக்கா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். உங்கள் அப்பாவும் விளக்க ஆரம்பித்தார். நான் தீவில் தொடங்கினேன், அவர் பம்பைத் தோண்டியதில் தொடங்கினார், இரண்டும் நடுவில் எங்கேயோ மோதிக்கொண்டன. நான் சொல்வதை அவர் திருத்த, அவர் சொல்வதை நான் திருத்த, போலீஸ்காரர் கையைத் தூக்கி, "நிறுத்துங்க. நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?" என்றார். "இல்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைய தினம் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். "பின்ன?" "சம்பந்திங்க." போலீஸ்காரர் வண்டிக்குப் பின்னால் போனார். பேரல்களைத் தட்டிப் பார்த்தார், மூடிகளைத் திருகிப் பார்த்தார், பங்க் ரசீதைப் பார்த்தார். பிறகு, "பீடி சிகரெட் பக்கத்துல வராம பாத்துக்குங்க. பேரல் பத்திரமாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் பத்திக்காம போய்ச் சேரணும்" என்று சொல்லி வழிவிட்டார். அவருக்கும் பெண்ணோ பிள்ளையோ கட்டிக் கொடுத்த அனுபவம் இருக்க வேண்டும்.

படகுத்துறைக்குப் போனால் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. கரையோரம் ஆழம் போதாமல் ரேடியோ படகைத் துறையின் கடைசி நுனியில் கட்டியிருந்தார். எங்களிடம் இருந்த குழாய் வண்டியிலிருந்து படகுக்கு எட்ட வேண்டுமானால் வண்டியும் நுனிக்குப் போக வேண்டும். துறைக் காவலாளி, "வண்டி போகும், ஆனா அங்க திரும்பாது. ரிவர்ஸ்லயே போயிருங்க" என்றார். அந்தத் துறையின் அகலம் உங்களுக்குத் தெரியும். வண்டி போனால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான். உங்கள் அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். பேரல்தான் தெரிந்தது. பக்கக் கண்ணாடியைப் பார்க்கலாம் என்றால், ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற அந்த மனிதருடைய வண்டியில் பக்கக் கண்ணாடி இல்லை. எப்போதோ உடைந்ததாம், மாற்ற நேரமில்லையாம். "பின்னாடி ஒண்ணுமே தெரியலை" என்று ஸ்டீயரிங்கிடம் சொன்னார். "எனக்குத் தெரியும்" என்று நான் இறங்கி, கைப்பையில் இருந்து விசிலை எடுத்தேன். ரிட்டயர் ஆன அன்று டிக்கெட் மெஷினையும் பையையும் திருப்பிக் கொடுத்தேன். விசில் என் சொந்தக் காசில் வாங்கியது, அதை ஏன் கொடுப்பேன்? "ரெண்டு விசில்னா வரலாம், ஒரு விசில்னா ஹோல்டான்" என்று பொதுவாக அறிவித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

வந்தார், மாப்பிள்ளை. அந்த வேகத்தில் வந்ததற்கு அன்றைக்கு முதல்தடவையாக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இரண்டு விசில், கொஞ்சம் வருவார். ஒரு விசில், நிற்பார். வலது பக்கம் ஒடிக்கச் சொல்லிக் கை காட்டினால் அவருக்குத் தெரியாது, ஆகவே பேரலில் தட்டினேன், வலது பேரலைத் தட்டினால் வலது, இடது பேரலைத் தட்டினால் இடது. அதையும் அவர் கேட்காமலே புரிந்துகொண்டார். பாதிக்கு மேல் வந்தாயிற்று. ரேடியோ படகில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்சக்கரம் ஓரத்துக்குச் சாய ஆரம்பித்ததைப் பார்த்தேன். ஒரு விசில் ஊதினேன். ஊதினேனே தவிரச் சத்தம் வரவில்லை. உள்ளே உருளுகிற குண்டு மாட்டிக்கொண்டது. மறுபடி ஊதினேன், வெறும் காற்று. சக்கரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர்கூட இல்லை, பாறைதான். பேரலைத் தட்டினால் திருப்பச் சொல்வதாக நினைத்து இன்னும் ஒடித்துவிடுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சம்பந்தீ, நிறுத்துங்க" என்று கத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வண்டி நின்றது. சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைக்க முடிந்தது, விரல்களை மடக்கிக்கொண்டால்.

அவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார். கீழே பாறையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு, கண்ணாடியையோ ஸ்டீயரிங்கையோ அல்ல, என்னையே நேராகப் பார்த்து, "சம்பந்தியம்மா, அந்த விசிலைத் தூக்கிக் கடல்ல போடுங்க. உங்க வாயே போதும்" என்றார். அது பாராட்டா குத்தலா என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மீதித் தூரத்தை வாயாலேயே கொண்டுவந்து சேர்த்தேன். "வரலாம், வரலாம், வரலாம், இன்னும் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, அவ்ளோதான், ஹோல்டான்." படகுத்துறை முழுக்கக் கேட்டதாகக் காவலாளி சொன்னார்.

கைப் பம்பைச் சுற்றி டீசலை இறக்குவது உங்களுக்குப் பழக்கம். எங்களுக்குப் புதுசு. நான் கொஞ்சம், அவர் கொஞ்சம் என்று மாறி மாறிச் சுற்றினோம். ரேடியோ கீழே படகில் குழாயைப் பிடித்துக்கொண்டு, தொட்டி எவ்வளவு நிரம்பிற்று என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. நிறுத்தலாமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அவர் நிறுத்தாமல் நான் நிறுத்துவதா என்று எனக்கு, நான் நிறுத்தாமல் அவர் நிறுத்துவதா என்று அவருக்கு. இரண்டாவது பேரலின் பாதியில், சுற்றிக்கொண்டே இருந்த அவர், "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். யார் என்றேன். "அவன்தான்" என்றார்.

இனி நான் எழுதப்போவதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஆகவே சொல்கிறேன். நீங்கள் விழுந்த செய்தி கடைக்கு வந்தபோது அவர் ஒரு பெரிய கண்ணாடியைக் கையில் வைத்திருந்தாராம். கீழே போட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் உடைந்தது அது ஒன்றுதான் என்றார். "போய்ப் பாக்க வேண்டியதுதானே சம்பந்தி? வண்டி இருக்கு, சாவி இருக்கு, யார் தடுத்தா?" என்று கேட்டேன். அவர் பம்பை இன்னும் வேகமாகச் சுற்றினார். "அவன் சின்ன வயசுல விழுந்து தையல் போட்டப்ப, அவன் அழலை, நான்தான் அழுதேன். நர்ஸுங்க என்னை வெளிய கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. இப்ப போய் அவன் பொண்டாட்டி முன்னாடியும் உங்க முன்னாடியும்..." என்று நிறுத்திவிட்டார். அப்பா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் மனசில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி அவரிடம் போனில்கூடக் கேட்காமல் இருப்பதாக மகள் சொன்னாள். அவருக்குக் கல் மனசு என்று நானும்தான் நினைத்திருந்தேன். நான் அவர் கையில் இருந்து பம்பை வாங்கி மீதியைச் சுற்றினேன். பொழுது சாயும்போது ரேடியோ கட்டை விரலை உயர்த்தினார். தொட்டி நிரம்பியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் படகு தீவுக்குப் போயிற்று. நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. கண் தெரியாத பெரியவர்களைக் கை பிடித்து ஏற்றி, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று பழக்க தோஷத்தில் சொல்லி, எல்லோரையும் உட்கார வைத்தேன். ஒரு பெரியவர் பயந்து ஏற மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் இதை விடப் பிடிவாதக்காரர்களை எல்லாம் பார்த்தவள் நான். "நீங்க வரலேன்னா படகு எடுக்க மாட்டேன், மத்தவங்க எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க" என்றேன். எழுந்து வந்துவிட்டார். துறையில் உங்கள் அப்பா வண்டியில் மெத்தை போட்டுக் காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு நடை நடையாக எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் அந்த வேகத்தில் போனது எல்லோருக்கும் பிடித்தது. எல்லோருக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கட்டுப் பிரித்துத் திரும்பும்போது ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்கள். கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் மனம் நெகிழ்ந்து நின்றேன். அவர்கள் குனிந்து படகின் பலகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்குப் படகுலயா இத்தனை வருஷம் நான் போயிட்டு வந்தேன்?" என்றார்கள். எனக்கு மானம் போயிற்று. மறுநாளே ரேடியோவை விட்டு முழுப் படகையும் தேய்த்துக் கழுவ வைத்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, இதனால் நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், கட்டுப் பிரித்த அடுத்த நிமிஷம் நீங்கள் கிளம்பி வந்து உங்கள் படகையும் உங்கள் டீசலையும் உங்கள் தகப்பனாரையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. வீடு முழுக்க டீசல் வாடை. அந்த வண்டியில் இன்னொரு தடவை ஏறுவதை விட நான் நடந்தே உலகத்தைச் சுற்றுவேன், சீக்கிரமாகவும் போய்ச் சேர்வேன். இது என் முடிவான முடிவு.

உங்கள் அம்மாவுக்கு என் அன்பு. மகளை வேளைக்குத் தூங்கச் சொல்லுங்கள். உங்கள் கால் முன்னை விட உறுதியாகி, நீங்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்து, ஈரத் தரையில் மட்டும் தனித்தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமியார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அவன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு வண்டியில போனா எவ்வளவு நேரம் ஆகும் சம்பந்தியம்மா?" என்று கேட்டார். யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். "தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் நாளைக் காலையில் கிளம்புகிறோம். ஆகவே கட்டுப் பிரித்தாலும் அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள், இருக்கிற இடத்திலேயே இருங்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுப் பிரயோஜனமில்லை, நானே கையில் கொண்டுவருகிறேன். முதலில் நான் மட்டும் உள்ளே வந்து கொடுப்பேன், அவர் வருவதற்குள் படித்து மறைத்துவிடுங்கள். வார்டு வாசலில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றால், வழியெல்லாம் ஒரே தூசி என்பார். ஜன்னலை நான் முழுக்க மூடித்தான் கூட்டிவருவேன். இருந்தாலும் நீங்கள் தூசிதான் என்று சொல்லிவிடுங்கள்.